காவலர் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள் நிற்கவும் பழக வேண்டும்

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தயாராகும் நம் மாவட்டப் பிள்ளைகள், 1500 மீட்டர் ஓட்டத்துக்குக் கொடுக்கும் உழைப்பில் கால் பங்கைக்கூட முதல் 10 மீட்டருக்குக் கொடுப்பதில்லை. ஓடிவந்த வேகத்தை அடக்கி நிற்பதற்கோ, திசை திரும்புவதற்கோ எதையுமே கொடுப்பதில்லை. உடற்கல்வி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு 'பிசிக்கல்' பயிற்சி கொடுத்து வருகிறேன். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடிக்காவிட்டால் அடுத்த கட்டமே கிடையாது. ஆனால் அதைத் தாண்டியவர்களுக்கு மதிப்பெண் கிடைப்பது அதற்குப் பிறகு வரும் போட்டிகளில்தான். ஆண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் 15 விநாடிக்கு ஒரு ஸ்டார் (மதிப்பெண்ணுக்கான தரநிலை), 13.5 விநாடிக்கு இரண்டு ஸ்டார். பெண்களுக்கு முறையே 17.5, 15.5 விநாடிகள். உடல்திறன் தேர்வுக்கு உள்ள 24 மதிப்பெண்ணில் ஒரு ஸ்டாருக்கும் இரண்டு ஸ்டாருக்கும் இடைப்பட்ட வேறுபாடு, எத்தனையோ பேருடைய வேலையைத் தீர்மானித்துவிடுகிறது.

அந்த ஒன்றரை, இரண்டு விநாடியைக் குறைக்கப் பிள்ளைகள் செய்வது என்ன? அரை நிமிட இடைவெளி விட்டு, நூறு மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுகிறார்கள். வியர்வை கொட்டுவதால் நல்ல பயிற்சி நடந்ததாக மனம் நிறைகிறது. ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது தசைக்கு முதலில் கைகொடுக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பு சில விநாடிகளிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது மீண்டும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். நிரம்பாமல் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால், அந்த ஓட்டம் வேகத்தை அல்ல, களைப்பைத் தாங்குவதைத்தான் வளர்க்கும். முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்று பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கையே நானும் பின்பற்றுகிறேன். 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம் நடக்க வேண்டும். இப்படி ஐந்தாறு ஓட்டம் ஓடினாலே அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது என்று சொன்னால், "இவ்வளவுதானா சாரே?" என்று ஏமாற்றத்தோடு கேட்பவர்கள் உண்டு. இவ்வளவுதான்.

கடற்கரை மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் மணலில் ஓடினால் வேகம் வரும் என்று நம் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். இளகிய மணலில் ஓட, கெட்டியான தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்பது ஆய்வில் அளந்து கண்டது. ஆகவே தொடையும் கெண்டைக்காலும் வலுப்பெறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மணல் காலை உள்வாங்கிக்கொள்வதால் பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. விரைவோட்டத்துக்கு வேண்டியதோ, தரையைத் தொட்டவுடன் எழும் பாதம். எனவே மணல் ஓட்டத்தைத் தேர்வுக்கு வெகு முன்னதாகவே வைத்துக்கொண்டு, தேர்வு நெருங்கும் வாரங்களில் கெட்டியான தரைக்கு வந்துவிடுவது நல்லது.

நேரம் எடுப்பதிலும் ஏமாந்துபோக வழி உண்டு. ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் நண்பன் தொடக்கத்தில் சற்றுத் தாமதமாக அழுத்துவான். அதனால் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, தடகளத்தில் 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். கையில் 13.4 என்று மகிழ்கிறவர், இரண்டு ஸ்டார் எல்லையைத் தாண்டிவிட்டதாக நினைக்கலாகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று சீறி வரும் நாட்களில், தோவாளை பக்கத்து மைதானங்களில் எடுக்கும் நேரத்தையும் அப்படியே நம்ப முடியாது. பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த ஓட்டத்தைச் சாதனையாக ஏற்காத விதி தடகளத்தில் இருப்பது இதனால்தான். காற்று வாக்கிலும் எதிரிலும் ஓடிப் பார்த்து, இரண்டையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. தேர்வில் நேர்கோட்டில் ஓடினால் போதும். பணியில் நேர்கோடு கிடைப்பதில்லை. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரும் கூட்டத்துக்குள்ளும், மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்தின்போது ரத வீதியிலும், சங்கிலி பறித்து ஓடும் ஒருவனை விரட்டும் காவலர், ஐந்தாறு எட்டுக்கு ஒருமுறை வேகத்தைக் குறைத்து, குழந்தையோடு நிற்கும் தாயை விலக்கி, மீண்டும் வேகம் பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே 100 மீட்டர் நேரத்தைவிட, முதல் ஐந்து மீட்டரில் எழும் வேகமும் அடுத்த இரண்டு மீட்டரில் அடங்கும் வேகமுமே பயன்படும். அதுவும் ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த ஓட்டக் காலணி அணிந்து அல்ல, கனமான தோல் ஷூவோடு.

மழை விட்ட மறுநாள் செம்மண் மைதானம் இதைக் கற்றுக்கொடுக்கச் சிறந்த இடம். கோன் (அடையாளக் கூம்பு) வைத்து, ஓடிவந்து அதன் அருகில் நின்று திரும்பச் சொல்லிவிட்டு, தரையைப் பார்ப்பேன். நிற்கப் பழகாதவருடைய தடத்தில், கோனுக்கு அருகில் குதிகால் ஊன்றிக் கிழித்த ஒரே ஒரு நீண்ட கோடு இருக்கும். முழு வேகத்தையும் ஒரே காலில், முழங்காலை விறைப்பாக நீட்டித் தாங்கியிருக்கிறார் என்று பொருள். பழகியவருடைய தடத்தில் நான்கைந்து குறுகிய எட்டுகள், நெருக்கமாக, முழுப் பாதமும் பதிந்து தெரியும். கடைசி எட்டு, திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கக் கால், உடலைவிட்டு வெளியே தள்ளி ஊன்றியிருக்கும். இடுப்பு தாழ்ந்து, முழங்கால் பாதத்துக்கு நேராக மடங்கினால்தான் தடம் அப்படி விழும். முழங்கால் உட்புறமாகச் சாய்ந்தால், அதன் உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து உண்டு. யாரும் இடிக்காமலேயே, திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் நேரும் இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக ஏற்படுகிறது என்பதால், பெண் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி, மெதுவோட்டத்திலேயே இதைப் பலமுறை செய்யச் சொல்கிறேன். "ஓடப் படிச்சாச்சு மக்களே, இனி நிக்கப் படி" என்று அவர்களிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

நிற்கப் பழகிய பிறகு அடுத்தது, கண்ணால் கண்டதற்கேற்பத் திரும்புவது. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தில் கோன்களைச் சுற்றி ஓடும் இலினாய் சோதனை பல இடங்களில் வழக்கத்தில் உள்ளது. நல்ல சோதனைதான், ஆனால் வழி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் சில நாட்களில் கால்கள் அதை மனப்பாடம் செய்துவிடும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு திசை மாறுவதே சுறுசுறுப்பு என்று 2006இல் ஷெப்பர்டு, யங் ஆகிய ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. ஆகவே கோன்களை எடுத்துவிட்டு, எதிரில் ஒருவரை நிறுத்துங்கள். ஓடிவருகிறவர் ஐந்து மீட்டர் தொலைவுக்கு வந்ததும் எதிரில் நிற்பவர் இடமோ வலமோ ஓர் எட்டு வைக்க வேண்டும். ஓடிவருகிறவர் அவருடைய கண்ணையும் கையையும் பார்க்காமல், இடுப்பைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கையாலும் தலையாலும் போக்குக் காட்ட முடியும். இடுப்பு போகும் பக்கம்தான் உடல் போகும். கோன்களுக்கிடையில் முதலாவதாக வரும் பிள்ளைகள் சிலர் இதில் பின்தங்குவதும், மாலையில் கபடி ஆடிவிட்டு வருகிறவர்கள் முந்துவதும் எனக்கு வியப்பளிக்கவில்லை.

தொடையின் பின்தசையைப் பாதுகாக்க ஒரு பயிற்சி போதும்: முழங்காலிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்வது. நார்டிக் பயிற்சி என்று அழைக்கப்படும் இது, அத்தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வாரத்தில் இரண்டு நாள், வேகப் பயிற்சிக்கு முன்னால் அல்ல, பின்னால் செய்யுங்கள். முதல் சில நாட்களில் தசை வலிக்கும், அது தணிந்துவிடும். ஆனால் ஓடும்போது பின்தொடையில் சுருக்கென்று பிடித்தால் அன்று விரைவோட்டமும் திரும்பும் பயிற்சியும் வேண்டாம். கயிறு ஏறுவதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.