கொக்கலையிலிருந்து பறந்த கனடாக்காரர்

இரண்டாம் உலகப் போரில் கனடா என்றதும் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் படைகள் இறங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லியனார்ட் பேர்ச்சால். ஒன்ராறியோவில் பிறந்தவர், கனடிய விமானப்படையின் 413ஆம் அணி. இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலைக்கு வந்து இரண்டே நாள்.

1942 ஏப்ரல் 4. கற்றலினா என்ற கடல் விமானம். மெதுவாகப் போகும், ஆனால் நீண்ட நேரம் பறக்கும். பேர்ச்சாலும் குழுவினரும் விடியுமுன் கிளம்பி, நாள் முழுக்க வெறும் கடலையே பார்த்தார்கள். திரும்பும் நேரத்தில் தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள். திரும்பியிருக்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தார்கள். கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிப் படை!

கப்பல்களை எண்ணி, வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள். மற்றவர்கள் சிறைப்பட்டார்கள்.

ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் விழத்தான் செய்தன. 9ஆம் தேதி திருகோணமலையிலும் விழுந்தன. எச்சரிக்கையே இல்லாமல் வந்திருந்தால் கொழும்பு என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் போர் முடியும்வரை பேர்ச்சால் ஜப்பானில் கைதி. நோயாளிக் கைதிகளை வேலைக்கு விரட்டியபோது எதிர்த்து நின்று அடிவாங்கினார். எனக்கு அவரை இதற்காகவே இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

இலங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.