மத்திய வேளாண், உணவு அமைச்சர் பதவியின் வரலாறு: குரூப் 1, யுபிஎஸ்சி படிப்பவர்களுக்கு

மத்திய வேளாண் அமைச்சர்கள் என்ற தலைப்பில் கையில் கிடைக்கும் நோட்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ராஜேந்திர பிரசாத்தில் ஆரம்பித்து இன்றைய அமைச்சர் வரை பெயர், பதவிக்காலம், கட்சி என்று இரண்டு பக்கத்துக்கு நீளும். அதை மனப்பாடம் செய்தவர்களுக்கும் தேர்வு அறையில் ஒரு சின்ன சந்தேகம் வந்தால் போதும், மொத்தமும் குழம்பிவிடும். நான் வேறு மாதிரி படித்தேன், எனக்குக் கைகொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறை ரொம்ப எளிது. பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, "உணவு" என்ற இலாகா எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது என்று மட்டும் தேடுங்கள். வேளாண்மையோடு சேர்ந்து இருந்ததா, தனியாகப் போனதா, ஏன் போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தால் அமைச்சர்களின் பெயர்கள் தாமாகவே அந்தந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆரம்பத்தை 1947-இல் வைக்காதீர்கள், 1871-க்குப் போங்கள். மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வருவாய், வேளாண்மை, வணிகம் மூன்றையும் சேர்த்து ஒரு துறை உருவானது. செயலாளர் ஏ.ஓ. ஹியூம், பின்னாளில் காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். உண்மையான வேளாண் துறையாக அது வளர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நல்ல பருத்தி வேண்டும் என்ற நெருக்கடியும், நிலவரி வசூலும்தான் அதை இயக்கின. 1879-இல் சிக்கனம் என்று சொல்லித் துறையையே கலைத்துவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆண்டை. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பெரும்பஞ்சம் அப்போதுதான் முடிந்திருந்தது. பஞ்சம் முடிந்த கையோடு வேளாண் துறைக்குப் பூட்டு! பிறகு 1880 பஞ்ச ஆணையம் வலியுறுத்தியதும், 1881-இல் வருவாய் மற்றும் வேளாண் துறை மறுபடி வந்தது. கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

இடையில் ஒரே ஒரு வரி போதும்: லின்லித்கோ தலைமையிலான அரச வேளாண் ஆணையம் 1928-இல் அறிக்கை தந்தது, அதையொட்டி 1929-இல் இன்றைய ஐசிஏஆரின் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முன்னோடியான அமைப்பு பிறந்தது. ஆராய்ச்சிக் கதையின் வேர் அது, மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

1942-இல் வேகம் குறையுங்கள். அதுவரை மத்திய அரசில் உணவு என்று தனித் துறையே இல்லை. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவுத் துறை உருவானது, அடுத்த ஆண்டே வங்கப் பஞ்சம். அதாவது உணவு அமைச்சகத்தின் தாய் போர்க்காலத் தட்டுப்பாடு. அதனால்தான் அதன் முதல் வேலைகள் எல்லாம் கொள்முதல், ரேஷன், விலைக் கட்டுப்பாடு என்றே இருந்தன, பயிர் வளர்ப்பது அதன் கணக்கில் வரவில்லை. நுகர்வோர் நலம், உணவு, பொது விநியோகம் என்று ஒரு அமைச்சகமும், வேளாண்மை என்று இன்னொன்றும் இன்று தனித்தனியாக இருப்பதன் மூலக்கதை இதுதான்.

1946 இடைக்கால அரசில் உணவும் வேளாண்மையும் ராஜேந்திர பிரசாத் பொறுப்பில் வந்தன. காந்தி வற்புறுத்தியதால் 1947 டிசம்பரில் தானியக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. விலை ஏறியதும் 1948-இல் திரும்ப வந்தன. 1948 ஜனவரியில் பிரசாத் விலகி, ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் வந்தார். 1950-இல் கே.எம். முன்ஷி. மரம் நடும் விழாவான வன மகோத்சவம் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் இது. 1951-இல் இரண்டு அமைச்சகங்களும் உணவு மற்றும் வேளாண் அமைச்சகமாக ஒன்றாயின. 1956-இல் பிரித்து 1957-இல் மறுபடி சேர்த்தார்கள். இந்தப் பிரித்தல், சேர்த்தலுக்கெல்லாம் தேதி மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பற்றாக்குறை நாட்டில் விளைவிப்பவரும் பங்கிடுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமா என்று டெல்லிக்கே முடிவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

1952-இல் இன்னொரு கண்ணி இருக்கிறது. உணவு, வேளாண் அமைச்சர் ரபி அகமது கித்வாய். ஆனால் வேளாண்மையைக் கவனித்தவர் என்று பஞ்சாப்ராவ் தேஷ்முக் பெயரும் வரும், அதுவும் 1952 முதல் 1962 வரை. கேபினட் பொறுப்பு யாருக்கு என்று கேட்டிருக்கிறார்களா, வேளாண்மையைப் பார்த்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்களா என்று நிதானமாகப் படித்தால்தான் தப்பிக்கலாம். கித்வாய் காலத்தை நம் ஊர்க்காரர்கள் மறக்கவே முடியாது. சென்னை மாகாண முதல்வராக வந்த ராஜாஜி 1952 ஜூனில் ரேஷன் முறையை நீக்கினார், அதற்கு டெல்லியில் துணை நின்றவர் கித்வாய். 1954-இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்து அஜித் பிரசாத் ஜெயின், அப்புறம் எஸ்.கே. பாட்டீல். பாட்டீலுக்கு ஒரே அடையாளம் போதும்: 1960 மே மாதம் வாஷிங்டனில் கையெழுத்தான பெரிய பி.எல். 480 (அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டம்) ஒப்பந்தம். 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. கப்பலில் வந்த கோதுமையை நம்பி நாடு ஓடிய காலம்.

இனி சி. சுப்பிரமணியம். மொத்தத் தலைப்பில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இவருக்கே ஒதுக்குங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் என்ற ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. 1964 ஜூனில் சாஸ்திரி இவரிடம் உணவையும் வேளாண்மையையும் கொடுத்தார். அதுவரை அந்த நாற்காலி அரசியல்வாதிகள் பயந்து ஒதுங்கும் இடம். அதில் உட்கார்ந்து மூன்று ஆண்டுகூட நிறையாத காலத்தில் அவர் போட்ட அஸ்திவாரத்தைப் பாருங்கள். உணவு தானிய விலை பற்றிய எல்.கே. ஜா குழு 1964. வேளாண் விலை ஆணையம் 1965 ஜனவரி. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர், முதல் தலைமையகம் சென்னை. ஐசிஏஆருக்கு முதல்முறையாக ஒரு விஞ்ஞானியைத் தலைமை இயக்குநராகக் கொண்டுவந்தார், பி.பி. பால், 1965. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரக கோதுமை விதை, 1966. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அதில் புதுரகக் கோதுமையை விதைத்தும் காட்டினார்.

இந்த ஐந்தையும் தனித்தனியாகப் படித்தால் ஐந்து ஒருவரிக் கேள்விகள். சேர்த்துப் பார்த்தால் ஒரே திட்டம்: புது விதை அதிக விளைச்சல் தரும், விளைச்சல் கூடினால் விலை சரியும், சரிந்தால் அடுத்த ஆண்டு விவசாயி அந்த விதையைத் தொடமாட்டார். ஆகவே விலையைச் சொல்ல ஓர் ஆணையம், அந்த விலைக்கு வாங்க ஒரு கழகம். குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி மெயின்ஸில் எந்தக் கேள்வி வந்தாலும் நான் இந்தத் தர்க்கத்திலிருந்துதான் விடையை ஆரம்பிப்பேன். எதிர்ப்பும் இருந்தது என்று ஒரு வரி சேருங்கள்: நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்கு இந்தச் செலவிலும் விலை ஊக்கத்திலும் உடன்பாடில்லை. அந்த எதிர்ப்பு இடதுசாரிகளிடமும் இருந்தது.

1964–65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 1965–66 வறட்சியில் 7.2 கோடி டன்னாக விழுந்தது. இந்த இரண்டு எண்ணையும் மறக்காதீர்கள், அக்காலத்து அவசரம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் வீசிய அலையில் சுப்பிரமணியம் தோற்றார். பொறுப்பு ஜெகஜீவன் ராமிடம் போனது. கோதுமை விளைச்சல் 1967–68-இல் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டு, 1968-இல் கோதுமைப் புரட்சி அஞ்சல்தலை வெளியானபோது நாற்காலியில் இருந்தவர் ஜெகஜீவன் ராம். பசுமைப் புரட்சியின்போது அமைச்சர் யார் என்று மொட்டையாகக் கேட்டால் சுப்பிரமணியம். அஞ்சல்தலை வெளியான ஆண்டை வைத்துக் கேட்டால் விடை மாறிவிடும்.

எழுபதுகளையும் எண்பதுகளையும் இப்படி வைத்துக்கொள்ளலாம்: பக்ருதீன் அலி அகமது, அவர் காலத்தில் 1973-இல் கோதுமையின் மொத்த விற்பனை வணிகத்தை அரசே எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டே கைவிட்ட கதை. குடியரசுத் தலைவரான வேளாண் அமைச்சர்கள் இருவர், ராஜேந்திர பிரசாத்தும் இவரும். ஜனதா காலத்தில் சில மாதங்கள் பிரகாஷ் சிங் பாதல், அப்புறம் சுர்ஜித் சிங் பர்னாலா. 1983-இல் உணவு, குடிமைப்பொருள் வழங்கல் தனி அமைச்சகமாகிறது. 1985-இல் விலை ஆணையத்தின் பெயரில் "செலவு" சேர்கிறது. 1988-இல் உணவு பதப்படுத்துதல் தனி அமைச்சகம். 1989-இல் தேவிலால், துணைப் பிரதமராகவும் வேளாண் அமைச்சராகவும் இருந்தவர். 10,000 ரூபாய் வரையிலான 1990 விவசாயக் கடன் நிவாரணத்தோடு அவரை இணைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் சரத் பவார் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர். 2004 முதல் 2014 வரை பத்து ஆண்டுகள் வேளாண்மை. அதில் 2011 ஜனவரி வரை உணவும் அவரிடமே. அதன்பிறகு உணவு கே.வி. தாமஸ் கைக்குப் போனது. அதனால் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எந்த அமைச்சகத்துடையது என்றால் உணவு அமைச்சகத்துடையது, வேளாண்மை அல்ல. பிறகு நறுக்கல் வேலைதான். 2015-இல் பெயரில் விவசாயிகள் நலன் சேர்ந்தது, 2019-இல் கால்நடை, மீன்வளம், பால்வளம் தனி அமைச்சகமானது, 2021-இல் கூட்டுறவு பிரிந்தது. பெயர் நீண்டுகொண்டே போக, உள்ளிருக்கும் துறைகள் குறைந்துகொண்டே வந்தன என்பது என் கணிப்பு. நேர்காணலில் இதை ஒரு கருத்தாகவே சொல்லலாம்.

இதற்கெல்லாம் கீழே அரசியலமைப்பு என்ற தரை இருக்கிறது. அதை முதலிலேயே படித்துவிட்டால் நல்லது. ஏழாவது அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியல், 14-ஆவது இனம். அப்புறம் மத்தியில் எதற்கு அமைச்சர் என்ற கேள்வி நியாயமானது. பதிலில் பாதி, பொதுப் பட்டியலின் 33-ஆவது இனம்: உணவுப்பொருள், கால்நடைத் தீவனம், கச்சாப் பருத்தி, சணல் ஆகியவற்றின் வணிகம். இவை 1954-இன் மூன்றாவது திருத்தத்தில் சேர்ந்தவை. 1955 அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் நிற்பதும், 2020 வேளாண் சட்டங்களுக்கு மத்திய அரசு காரணமாகக் காட்டியதும் இந்த இனத்தைத்தான். அந்த மூன்று சட்டங்களும் 2021 இறுதியில் திரும்பப் பெறப்பட்டன. அப்போதைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர். எதிர்த்து ராஜினாமா செய்த ஹர்சிம்ரத் கௌர் பாதல் உணவு பதப்படுத்துதல் அமைச்சர். நண்பர்கள் பலர் அவரை உணவு அமைச்சர் என்று எழுதி மதிப்பெண் விட்டிருக்கிறார்கள்.

எது யாருக்குக் கீழே என்பதற்கு ஒரு பயிற்சி. ஒரு நெல் மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விதை, விலைப் பரிந்துரை வேளாண் அமைச்சகம். அந்த விலையை முடிவு செய்வது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. யூரியா, ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகம். பயிர்க்கடனுக்குப் பின்னால் நிற்கும் நபார்டு வங்கி (தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி), நிதியமைச்சகம். மூட்டை நம் ஊரில் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், மாநில அமைப்பு. கணக்கு போய்ச் சேர்வது உணவு அமைச்சகத்திடம். அரிசி தரமானதா என்று பார்க்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சுகாதார அமைச்சகம். ஏற்றுமதியானால் வணிக அமைச்சகம். கரும்புக்கு இதே கோட்டை வரைந்து பாருங்கள், சர்க்கரை உணவு அமைச்சகத்தில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் இந்திய அரசின் 1961 அலுவல் ஒதுக்கீட்டு விதிகளைத் திறந்து பார்த்துவிடுங்கள், எந்தக் கைடையும்விட நம்பகமானது.

யுபிஎஸ்சி மெயின்ஸ் பொது அறிவு மூன்றாம் தாளின் சிலபஸில் ஆதரவு விலை, பொது விநியோகம், கையிருப்பு, உணவுப் பாதுகாப்பு எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. 15 மதிப்பெண் கேள்விக்கு 250 சொல்தான். அதில் 1871-இலிருந்து கதை சொன்னால் முன்னுரையிலேயே பக்கம் தீர்ந்துவிடும். 1942, 1965, 1983, 2013, இந்த நான்கில் கேள்விக்குப் பொருந்தும் இரண்டை எடுத்து முதல் பத்தியிலேயே போட்டுவிட்டு, பிறகு இன்றைய சிக்கலுக்குப் போங்கள். குரூப் 1 கொள்குறித் தேர்வுக்கு மட்டும் காலவரிசை அட்டை ஒன்று தனியாக வேண்டும். அதில் அமைச்சர் பெயருக்கு எதிரே கட்சியை எழுதாமல், அவர் காலத்தில் உருவான ஒரு அமைப்பை அல்லது சட்டத்தை எழுதுங்கள். இடைப்பட்ட பெயர்களில் எதுவும் எழுதத் தோன்றாதவர்களை அட்டையிலிருந்து நீக்கிவிடலாம். நான் நீக்கினேன், ஒரு மதிப்பெண்ணும் போகவில்லை.

2024 ஜூனிலிருந்து வேளாண்மை சிவராஜ் சிங் சௌகான், உணவு பிரல்ஹாத் ஜோஷி. சௌகானிடம் ஊரக வளர்ச்சியும் சேர்த்தே இருக்கிறது. இலாகா மாற்றம் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால், இந்தக் கடைசி வரியை மட்டும் பென்சிலால் எழுதி வைத்து, தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.