பழைய ஜப்பானிய ரேலி ரகக் கார்களில் மிட்சுபிஷி லான்சர் எவோ 6 வாங்கலாமா, சுபாரு இம்ப்ரெசா ஜிசி8 வாங்கலாமா?

ஜப்பானில், குன்மாவில் வேலை பார்த்த 3 வருடமும் காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் சுபாரு இம்ப்ரெசா ஜிசி8 காரின் வேக மாடலான எஸ்டிஐ-யை ஸ்டார்ட் செய்யும் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். ஒருநாள்கூடக் கோபம் வந்ததில்லை. அதன் பாக்ஸர் எஞ்சினில் நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். இரண்டு பக்க எக்ஸாஸ்ட் குழாய்களும் ஒரே நீளம் இல்லை. அதனால் புகை டர்போவுக்கு (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) சீராக வந்து சேராமல் முன்னும் பின்னுமாக வரும், அந்தத் 'தடுபுடு தடுபுடு' அங்கிருந்து பிறப்பதுதான். சுபாருவின் ஓட்டா தொழிற்சாலை இருக்கிற ஊர்ப்பக்கம் என்பதால் தெருவுக்கு ஒரு சுபாரு நிற்கும்.

அதே காலத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் மிட்சுபிஷியின் லான்சர் எவல்யூஷன் 6, சுருக்கமாக எவோ 6, இருந்தது. இரண்டையும் ஹருனா மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காகிதத்தில் இரண்டும் 2 லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன். ஜப்பானிய கம்பெனிகள் அப்போது தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. வித்தியாசம் டார்க்கில், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசையில், தெரியும்: எவோ 3,000 ஆர்பிஎம்மிலேயே 38 கிலோகிராம்-மீட்டர் தந்துவிடும், எஸ்டிஐ 36, அதுவும் 4,000-க்கு வந்த பிறகு. ஆனால் எவோ 1,360 கிலோ, ஜிசி8 ஏறக்குறைய 1,270 தான். இறக்கத்தில் பிரேக் போடும்போது அந்த 90 கிலோ குறைவு நன்றாகவே தெரிகிறது.

கொண்டைஊசி வளைவில் எவோ செய்வது வேறு. பின் டிஃபரன்ஷியலில் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இருக்கும் ஏஒய்சி என்ற மின்னணு அமைப்பு, ஸ்டீயரிங் கோணத்தையும் ஆக்சிலரேட்டரையும் பார்த்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளும். வண்டியின் மூக்கு வெளியே ஓடப்போகிறது என்று நினைக்கிற அந்த நொடியில், பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்ட மாதிரி உள்ளே திரும்பும். வேகம்தான் கணக்கு என்றால் எவோதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜிசி8 அப்படிக் கைகொடுக்காது, நீங்களேதான் ஓட்டியாக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

சேகரிப்புக்கு என்று வந்தால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் சுபாரு 1997-இல் டபிள்யூஆர்சி விதிக்கு, அதாவது கடை வண்டியிலிருந்து பெரிதும் மாறுபட்ட ரேலி வண்டியை ஓட்ட விடும் விதிக்கு, மாறிவிட்டது. மிட்சுபிஷி 2001 வரை குரூப் ஏ என்ற பழைய விதியிலேயே நின்றது, அதாவது ரேலியில் ஓடும் வண்டியைக் கடையிலும் விற்றாக வேண்டும். மிட்சுபிஷியின் ரேலி ஓட்டுநர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை வரிசையாக வென்ற நாலு சாம்பியன் பட்டங்களும் அப்படி வந்தவைதான். அதைக் கொண்டாட வந்த எவோ 6-இன் மாக்கினென் எடிஷனில் டர்போவுக்கு டைட்டானியம் கலந்த டர்பைன், முழு டார்க்கும் 2,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். (அவரே 2002-இல் சுபாருவுக்குப் போய் மாண்டி கார்லோ ஜெயித்தார், அது தனிக்கதை.) ஜிசி8 பக்கம் எல்லோரும் துரத்துவது 22பி என்ற ஸ்பெஷல் எடிஷனை. ஆனால் அது இரண்டு கதவு வண்டி, ஜப்பானுக்கு 400 மட்டுமே செய்தார்கள். அதன் நிழலில்தான் நாலு கதவு எஸ்டிஐ இன்னும் நிற்கிறது.

நமக்கு இன்னொரு ஒட்டும் உண்டு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்து விற்ற லான்சரும் எவோ 4, 5, 6-உம் ஒரே தலைமுறைக் கூடுதான். மாமாவின் 1.5 லிட்டர் லான்சரில் ஏறி வளர்ந்தவன் நான், எவோவின் கதவைத் திறந்ததுமே வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அப்புறம், பணம் போட்டு வைக்கத்தான் என்றால் கை வைக்காத மாக்கினென் எடிஷன். ஓட்டத்தான் என்றால் என் பணம் ஜிசி8-க்கு, அதுவும் பழுதில்லாத நாலு கதவு எஸ்டிஐ-க்கு. எதை எடுத்தாலும் முதலில் வண்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஜிசி8-இல் பின்சக்கர வளைவும் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) உட்காரும் இடமும் துருப்பிடிக்கும். எவோவில் ஏஒய்சி பம்ப் துருப்பிடித்துச் செத்துப்போகும், புதிதாக மாற்றுவது பெரிய செலவு, அதனால் விற்கிறவரிடம் விலை பேசுவதற்கு முன்னாடியே அதைக் கேட்டுவிடுங்கள்.