கியர் பாக்ஸ் சத்தமும் ஆயிலும்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3

இன்று பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினேன். ஒரு வாரமாகக் கேட்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவது போல ஒரு கரகரப்பு. கிளட்சை மிதித்தால் அடங்குகிறது, காலை எடுத்தால் மறுபடி ஆரம்பம். அப்படியானால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் தண்டு, சுற்றும்போதுதான் வருகிறது. மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

கூடவே இன்னொரு தொல்லை. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது ஒரு 'கர்ர்'. வண்டி நன்றாகச் சூடான பிறகும் விடவில்லை.

ஜூன் 4

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆயில் மாத்துப்பா, கொஞ்சம் கெட்டியாப் போடு, சத்தம் அடங்கிடும்" என்றார். அடங்கும்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கெட்டியான ஆயில் பற்களுக்கு நடுவே மெத்தை மாதிரி நின்று சத்தத்தை அமுக்கிவிடும். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும், நம் காதுக்கு மட்டும் தெரியாது. குளிர்ந்த வண்டியில் கியர் போடுவதும் மணலில் குச்சியைச் சொருகுவது போல ஆகிவிடும்.

ஜூன் 7

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறது. முதலாவது ஆயிலின் கெட்டித்தன்மை, இரண்டாவது எந்த வேலைக்கான ஆயில் என்பது. அப்புறம் பழைய சர்வீஸ் பில்லைப் பார்த்தால் 80டபிள்யூ-90, ஜிஎல்-5! ஊற்றியவர் 5 என்பது 4-ஐ விட உசத்தி என்று நினைத்திருப்பார். இந்த ஜிஎல் எண்கள் தரவரிசை இல்லை, வேலைப் பிரிவு.

ஜிஎல்-5 முக்கியமாக ஹைபாய்ட் டிஃபரன்ஷியலுக்கான ஆயில், அதாவது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு வகைப் பற்சக்கரத் தொகுதிக்கு. அங்கே பற்கள் கடும் அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-4-ல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம். கியர் பாக்ஸில் கதை வேறு. பெரும்பாலான வண்டிகளில் சிங்க்ரோ வளையம் பித்தளை. கியர் விழுவதற்கு முன் அது எதிரே உள்ள கூம்பை உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். அதாவது வழுக்கத்தான் ஆயில் என்று நாம் நினைக்கிற இடத்தில், அதே ஆயில் கொஞ்சம் பிடிப்பையும் விட்டுவைக்க வேண்டும். ரொம்ப வழுக்கினால் வளையம் பிடிக்காது, 'கர்ர்' என்று பல்லில் பல் மோதும். என் மூன்றாவது கியர் சொல்வதும் இதைத்தானோ?

ஜிஎல்-5 எல்லாமே பித்தளையை அரித்துவிடும் என்பது மிகை. சூடான ஆயிலில் செப்புத் தகட்டை மூழ்கவைத்து எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. அதில் நன்றாகத் தேறும் ஜிஎல்-5-களும் இருக்கின்றன. ஆனால் அரிக்காவிட்டாலும் வழுக்கல் வழுக்கல்தானே. டப்பாவில் 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் அச்சடித்து விற்பதை நான் தொடப்போவதில்லை.

படித்துக்கொண்டே போனதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 90 என்றதும் 40 எண் எஞ்சின் ஆயிலை விட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்திருந்தேன். இல்லையாம், இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரி செல்சியஸில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான். பழைய ஹோண்டா கார்கள் சிலவற்றின் கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் மெல்லிய ஆயிலைக் கேட்கும் மேனுவல் கியர் பாக்ஸ்களும் உண்டு. ஆக, கையேட்டைப் பார்க்காமல் யார் சொல்வதையும் கேட்கக் கூடாது, நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

ஜூன் 8

ஜிஎல்-4 வாங்கியாயிற்று. 'சத்தம் குறைக்கும்' சேர்மான பாட்டில் ஒன்றையும் எடுத்து நீட்டினார்கள். வழுக்கலைக் கூட்டுகிற எதுவும் இப்போது எனக்கு வேண்டாம்.

ஜூன் 10

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டு, சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினேன். முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றினேன். வரிசை முக்கியம். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே உள்ளது துருவேறி அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

வந்த ஆயில் கறுப்பு, கந்தக நாற்றம், இரண்டு முறை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. அளந்து பார்த்தேன்: கையேட்டில் 2.1 லிட்டர், வடிந்தது 1.6 மட்டுமே. தப்பான ஆயில், அதுவும் அரை லிட்டர் குறைவாக! ஒழுகிய தடம் எங்கும் இல்லை. அப்படியானால் அன்றைக்கே குறைவாக ஊற்றியிருக்கிறார்கள்.

ஆயிலை வடிக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிற மசி ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு எதுவும் இல்லை, அப்பாடா. ஆனால் ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது பொன் நிறத் தூள் மினுமினுத்தது. காந்தம் அதை இழுக்காது. சிங்க்ரோ வளையம் அது.

புது வாஷர் போட்டு பிளக்கை முறுக்கினேன். ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றி மூடினேன்.

ஜூன் 11

நியூட்ரல் சத்தம் லேசாகக் குறைந்திருக்கிறது. மூன்றாவது கியர் பாதி வழிக்கு வந்திருக்கிறது.

ஜூன் 24

600 கிலோமீட்டர் ஆயிற்று. மூன்றாவது கியரில் அவசரப்பட்டால் மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு, மற்றபடி சுத்தம். நியூட்ரல் கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அதன்பின் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இன்புட் ஷாஃப்ட் பேரிங் அரை லிட்டர் குறைவில் ஓடி அடி வாங்கியிருக்க வேண்டும். அதை எந்த ஆயிலும் சரிசெய்யாது. அண்ணனிடம் சொன்னேன். "அப்ப கிளட்ச் பிளேட் மாத்த இறக்கும்போது பேரிங்கையும் பாத்துடலாம், அதுவரை சத்தம் ஏறுதான்னு காது கொடு" என்றார். சரி என்றேன். சத்தத்தைப் போனில் பதிவுசெய்து தேதி போட்டு வைத்திருக்கிறேன். 2,000 கிலோமீட்டரில் இந்த ஆயிலையும் வடித்து, பொன் தூள் இன்னும் வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.