பகிடிக்கு ஒரு தமிழ்

"தம்பி, பகிடிக்கு மட்டும்தான் எங்கட தமிழோ?"

டப்பிங் முடிஞ்சு ஹெட்போனைக் கழட்டேக்க, என்ர விளம்பரத்தில அம்மாவா நடிச்ச அக்கா கேட்டது. கோவமாக் கேக்கேல்ல, தேத்தண்ணி இருக்கோ எண்டு கேக்கிற மாதிரித்தான். நான் சிரிச்சுப்போட்டு, கொமடி எண்டா பேச்சுத்தமிழ்தானே அக்கா எடுபடும் எண்டன். அது பொய்யில்லை, ஆனா முழுப் பதிலும் இல்லை.

2024 செப்டெம்பர்ல இண்டிகோ சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் ஓடத் தொடங்கினாப் பிறகு, ரிக்கற் போடுற கடை ஒண்டு கேபிள் ரீவிக்கு எண்டு 30 செக்கன்ட் விளம்பரம் கேட்டது. ஸ்கிரிப்ட் என்ர. ஒரு அம்மா மகளிட்டைச் சென்னைக்குப் போறா, சூட்கேஸ் முழுக்க ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள். தராசில வைச்சா நிறை கூட. "ஐயோ பிள்ளை, தூளை மட்டும் விடுங்கோ, அங்கத்தைத் தூளில குழம்பு வைச்சா வாயில வைக்கேலாது" எண்டு கெஞ்சுறா. கவுண்டரில நிக்கிற பிள்ளை அப்பிடியே இந்தியன் ரீவித் தமிழில, "மேடம், அஞ்சு கிலோ அதிகமா இருக்குங்க." உடன அம்மா மூண்டு சீலையை மேலுக்கு மேல சுத்திக்கொண்டு தாரா மாதிரி நடந்து போவா. கடைக்காரர் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். அந்தத் தூள் வசனம் என்ர சின்னம்மா உண்மையாச் சொன்னது, அதை அவவுக்கு நான் இன்னும் சொல்லேல்ல.

நான் இந்த வித்தையைப் படிச்சது யூடியூப்பில, அமெரிக்காவின்ர சவுத்வெஸ்ட் எண்ட மலிவு எயார்லைன்ஸ் விட்ட பழைய விளம்பரங்களைப் பாத்து. ஆரோ ஒராள் மானம் போற மாதிரி ஒரு பிழை விடுவார், அந்த இடத்திலயே எங்கயாவது ஓடிப்போகோணும் போல இருக்கோ எண்டு ஒரு கேள்வி வரும், பிறகு ரிக்கற் விலை, அவ்வளவுதான். (பெட்டிக்குக் காசில்லை எண்டு எத்தினையோ வருசம் பகிடி விட்ட கொம்பனி 2025 மே மாசத்தோட கனபேரிட்டைக் காசு வாங்கத் தொடங்கீட்டுது, அது வேற கதை.) அதில வெட்கப்பட்டவன் தப்பிப் போற வழிதான் பிளேன். என்ர அம்மா வெட்கப்படுறதே எயார்போர்ட்டில, அவ எங்க ஓடுறது? இது அக்கா கேட்டாப் பிறகுதான் எனக்கு ஓடிச்சுது.

அண்டிரவே கவுண்டர்ப் பிள்ளையை இன்னொருக்கால் றெக்கோட் பண்ணினன். "அம்மா, அஞ்சு கிலோ கூடக் கிடக்கு, என்ன செய்வம் சொல்லுங்கோ." சிரிப்புக் குறைஞ்சுது, உண்மையச் சொன்னா நல்லாவே குறைஞ்சுது. தாயும் மகளும் குசினிக்குள்ள கதைக்கிற மாதிரி வந்திட்டுது. கடைக்காரர் கேட்டுட்டு, "நல்லாத்தான் கிடக்கு, ஆனா எயார்லைன் மாதிரி இல்லையே, தட்டிவான் கொண்டக்டர் மாதிரியெல்லோ கிடக்கு" எண்டார். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது, அந்தச் சிரிப்புத்தான் இப்ப குத்துது. முதல் வேர்ஷனையே அனுப்பினன். காசு குடுக்கிறவர் அவர், அடுத்த நாள் விளம்பரம் ரீவியில போகவேணும், நான் என்ன செய்யிறது.

இதில இன்னொண்டு. அந்த "இருக்குங்க" சொன்ன பிள்ளை எங்கட யாழ்ப்பாணத்துக் கொக்குவில். அச்சாவா இந்தியாக்காரி மாதிரியே வருது எண்டு அந்தப் பிள்ளையைப் புகழ்ந்ததும் நான்தான். அம்மாவா நடிச்ச அக்கா எத்தினை வருசமா மேடையில நிண்டவ, அவவுக்கு நான் ஒரு வார்த்தை சொன்ன ஞாபகம் இல்லை. அவ கேட்டது தமிழைப் பற்றியோ இல்லாட்டி இதைப் பற்றியோ? தெரியேல்ல. சில நேரம் அவ சும்மா கேட்டதை நான்தான் இழுத்துப் பெரிசாக்கிறன் எண்டும் நினைக்கிறன். ஊரில எல்லாரும் விளம்பரத்தைப் பாத்துச் சிரிச்சவைதானே, சின்னம்மாவும் சிரிச்சவ.

போன கிழமை எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில அக்காவைக் கண்டனான். கத்தரிக்காய் நிறுக்கிற இடத்தில என்னைப் பாத்து, அதே குரலில, "சார், அஞ்சு கிலோ அதிகமா இருக்குங்க" எண்டா. அந்தக் கொக்குவில் பிள்ளையை விடத் திறமா இருந்துது. மரக்கறிக் கடைக்காரரும் சிரிச்சார். அடுத்த முறை கவுண்டரில தன்னை விடச்சொல்லிக் கேட்டா, நான் ஓமெண்டிட்டு வந்தன். இன்னும் கோல் எடுக்கேல்ல.