5,000 பவுண்டு இழுக்கும் என்றார்: டென்வரிலிருந்து கிராண்ட் டீட்டனுக்கு ஒரு ட்ரெய்லர் பயணம்

டென்வரிலிருந்து வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்ததை, முதலில் வண்டி, அப்புறம் ஹிட்ச் (வண்டியோடு ட்ரெய்லரைக் கோர்க்கும் இணைப்பு), பிறகு வழி, கடைசியில் செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ட்ரெய்லரை (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய், உள்ளேயே சமைத்துத் தூங்கும் சக்கர வீடு) வாடகைக்குக் கொடுத்த மனிதர் மேல் இருக்கும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவரை முதலில் முடித்துவிடுகிறேன்.

என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். டொயோட்டா ஹைலேண்டர் என்றேன். "அது 5,000 பவுண்டு இழுக்கும், என் ட்ரெய்லர் 4,200தான், தாராளமாகப் போகும்" என்றார். இரண்டு எண்ணுமே உண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியதுதான் அயோக்கியத்தனம்.

அந்த 4,200 என்பது காலி எடை. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இருந்தது. அதில் தண்ணீர் கிடையாது, பாத்திரம் கிடையாது, பல ட்ரெய்லர்களில் பேட்டரியும் கேஸ் சிலிண்டரும்கூடச் சேராது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் அதுவே 330 பவுண்டு. அதற்கு மேல் நம் வீட்டுச் சாமான். அரிசி, பருப்பு, இரண்டு குக்கர், தோசைக்கல், மாவு வைக்க ஒரு கூலர், மடக்கு நாற்காலிகள், குளிருக்குக் கம்பளி. 5,000 எங்கே நிற்கும்?

ஹைலேண்டர் போதாது, பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) வேண்டும் என்றேன். என் மச்சான் (மனைவியின் தம்பி) ஒத்துக்கொள்ளவே இல்லை. "மாமா, அவரே அவர் வண்டியைப் பத்திச் சொல்றாரு, நமக்கென்ன? பிக்கப் வாடகைக்கு எடுத்தா பட்ஜெட் கிழிஞ்சிரும்." பட்ஜெட் விஷயத்தில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

இழுக்கும் திறனை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் பேலோடு. ட்ரெய்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டுதானே போகிறோம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மச்சான் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச்சின் மேல் உட்காருகிறது. டங் வெயிட் என்று சொல்லும் அந்த எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அது அப்படியே காரின் பேலோடில் கழியும். ஐந்து பேர், பெட்டிகள், மேலே ஒரு 600 பவுண்டு மூக்கு என்றால் ஹைலேண்டரின் ஸ்டிக்கர் கிட்டத்தட்ட தீர்ந்தது. போதாததற்கு அதன் ஹிட்ச்சில் ஏற்றக்கூடிய டங் வெயிட்டே 500 பவுண்டுதான். கணக்கு அங்கேயே முடிந்தது.

பிக்கப் கிடைப்பது அதைவிடப் பெரிய வேலை. சாதாரண கார் வாடகைக் கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் எதையும் கட்டி இழுக்கக் கூடாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும். கவுண்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சாவி கொடுப்பார், ஆனால் விபத்து நடந்தால் காப்பீடு கைவிடும். தேடித் தேடி, வணிக வாகனங்கள் வாடகைக்கு விடும் இடத்தில் இழுக்க அனுமதியோடு முக்கால் டன் என்று சொல்லும் கனமான வகைப் பிக்கப் ஒன்று கிடைத்தது. நாளுக்கு 140 டாலர், அதற்கு மேல் மைலுக்குத் தனியாக. ட்ரெய்லர் வாடகையே இரவுக்கு 115தான்! கழுதையை விடச் சுமைக்கூலி அதிகம் என்று மனைவி முணுமுணுத்தாள்.

ட்ரெய்லர்காரர் அத்தோடு விட்டாரா? வெறும் ஹிட்ச் இலவசமாம். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டுமென்றால் தனியாக 40 டாலராம். இதைத் தனிக் கட்டணமாகக் கேட்பது, காரில் பிரேக்குக்குத் தனியாகக் காசு கேட்பது மாதிரி. ட்ரெய்லர் மூக்கு பிக்கப்பின் வாலை அழுத்தும்போது, முன் சக்கரங்களில் பாரம் குறையும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் நம்பியிருப்பது அந்த முன் சக்கரங்களைத்தான். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் இரண்டு நீளமான ஸ்பிரிங் கம்பிகள் இருக்கும். அவை ஒரு நெம்புகோல் போல வேலை செய்து பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லரின் அச்சுக்கும் தள்ளிவிடும். ட்ரெய்லரைக் கோர்ப்பதற்கு முன் முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரின் உயரத்தை அளந்துகொண்டேன். கோர்த்ததும் ஏறியது, கம்பிகளை மாட்டியதும் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கியது. டேப் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஹிட்ச்சின் இரும்புக் குண்டு 2 அங்குலத்திலும் வரும், 2 5/16 அங்குலத்திலும் வரும். எந்த அளவு வேண்டும் என்று ட்ரெய்லரின் மூக்கில், கப்ளரிலேயே பொறித்திருக்கும். பெரிய கப்ளரில் சின்னக் குண்டும் உட்கார்ந்த மாதிரியே தெரியும், மேடு பள்ளத்தில் கழன்றுகொள்ளும். பூட்டியபின் ஜாக்கைச் சுற்றி ட்ரெய்லர் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். பிக்கப்பின் வாலும் கூடவே எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக்அவே கேபிள் தனி. அதைச் சங்கிலியோடு சேர்த்து முடிச்சுப் போடக் கூடாது, ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்வது அந்தக் கேபிள்தான்.

டயரையும் பார்த்தேன். பக்கவாட்டில் தேதிக் குறியீடு நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ஒரு டயரில் 2216. 2016-ஆம் ஆண்டு 22-வது வாரம்! ட்ரெட் (டயரின் மேல் பள்ளக் கோடுகள்) புதுசு போல இருக்கிறதே என்றார் ட்ரெய்லர்காரர். நிழலில் நின்றே கிழடாகும் டயர்கள் இவை, ரப்பருக்கு வயதுதான் எதிரி. மாற்றித் தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நின்றேன். முனகிக்கொண்டே மாற்றினார். பாதி நாள் போனது.

வயோமிங்கின் தலைநகர் ஷயென் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, ஐ-25 நேர் சாலை. அங்கே ஒரு ட்ரக் ஸ்டாப்பில் 'கேட் ஸ்கேல்' (CAT Scale) என்ற எடைமேடை இருந்தது. லாரிகளுக்கானதுதான், நாமும் ஏறலாம். மூன்று தனித்தனி மேடைகள்: பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு. பெரிய காசில்லை, மறுபடி எடை போட அதைவிடக் குறைவு. இந்தப் பயணத்திலேயே மனசார கொடுத்த பணம் இதுதான்.

ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, எல்லோரும் உட்கார்ந்த பிக்கப் மட்டும்: 7,460 பவுண்டு. ட்ரெய்லரைக் கோர்த்து, ஸ்பிரிங் கம்பிகளை மாட்டாமல்: பிக்கப்பின் இரண்டு அச்சும் சேர்த்து 7,980, ட்ரெய்லர் அச்சுகளில் 4,860. ஆக டங் வெயிட் 520, ட்ரெய்லர் மொத்தம் 5,380. சதவீதம் 9.7. பத்துக்குக் கீழே!

காரணம் சமையலறை. இந்த ட்ரெய்லரில் அது பின்பக்கம். அரிசி, குக்கர், தண்ணீர் கேன், மாவுக் கூலர் எல்லாம் இயல்பாக அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பின்னால் பாரம் ஏற ஏற மூக்கு லேசாகும். மூக்கு லேசான ட்ரெய்லர்தான் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். "மூக்கு லேசா இருந்தா வண்டிக்கு நல்லதுதானே" என்றான் மச்சான். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். தலைகீழ். கேன்களையும் கூலரையும் முன்னால் கட்டிலுக்கு அடியில் மாற்றி மறுபடி மேடை ஏறினோம்: பிக்கப் 8,060, ட்ரெய்லர் அச்சு 4,780. டங் வெயிட் 600, 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம்தான் கம்பிகளை மாட்டிக்கொண்டு ஐ-80 பிடித்தோம்.

ஐ-80 சாலையிலேயே உயரமான இடம் ஷெர்மன் உச்சி, 8,640 அடி. அங்கிருந்து லாரமிக்கு இறங்கும்போதே காற்று பக்கத்தில் அடிக்க ஆரம்பித்தது. லாரமியில் மின்பலகை: உயரமான, எடை குறைந்த வாகனங்களுக்குச் சாலை மூடல். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் எல்க் மலையடி வயோமிங்கின் காற்றுக்குப் பேர்போன இடம். காலி லாரிகளையே கவிழ்த்துவிடும். நெட்டையாகப் பெட்டி மாதிரி நிற்கும் நம் ட்ரெய்லர் எம்மாத்திரம்? அந்தப் பலகை எச்சரிக்கை இல்லை, சட்டம். ஒரு கேம்பர் வேன்காரர் கண்டுகொள்ளாமல் போனார். அவர் பாடு.

மாட்டிக்கொண்டதில் ஒரு லாபம். லாரமி பக்கத்தில் பஞ்சாபிகள் நடத்தும் ட்ரக் ஸ்டாப் ஒன்று இருக்கிறது. லாரி ஓட்டும் சர்தார்ஜிகள் வரிசையில் நிற்க, நாங்களும் நின்றோம். சுடச்சுடப் பராத்தா, வெண்ணெய் மிதக்கும் தால், கடலை மசாலா, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. 7,000 அடி உயரத்தில், வெளியே காற்று ஊளையிட, அந்த டீக்கு ஈடாக டென்வரில் எந்த உணவகத்தையும் சொல்ல மாட்டேன். என் மகள் இரண்டாவது பராத்தா கேட்டது உலக அதிசயம். பக்கத்து மேசைப் பெரியவர் எங்கள் ட்ரெய்லரைப் பார்த்து, "விடிகாலையில் கிளம்பு பேட்டா, காற்று தூங்கும் நேரம்" என்று இந்தியில் சொன்னார். ட்ரக் ஸ்டாப்பிலேயே அனுமதி கேட்டு ஓரமாக நிறுத்தித் தூங்கினோம், கேம்ப் காசு மிச்சம்.

விடிவதற்கு முன் பலகை திறந்திருந்தது. அப்போதும் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்று புரிந்தது. அது நெருங்கும்போது ட்ரெய்லரை வெளியே தள்ளுகிறது, கடந்ததும் உள்ளே இழுக்கிறது. பின்னால் ஒரு ஆட்டம் தொடங்கியது. கால் தானாக பிரேக்குக்குப் போகும், போகக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக் கன்ட்ரோலரின் (ட்ரெய்லர் பிரேக்கை டிரைவர் தனியாக இயக்கும் கருவி) கை நெம்பை மட்டும் அழுத்தினேன். ட்ரெய்லர் பிரேக் தனியாகப் பிடித்துப் பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிட்டது. மச்சான் அதற்கப்புறம் ஹைலேண்டர் பேச்சை எடுக்கவில்லை. 65 மைலுக்கு மேல் நான் போகவும் இல்லை. ட்ரெய்லர் டயர்களில் பல அந்த வேகத்துக்குத்தான் செய்தவை. சாலை 75, 80 அனுமதித்தால் அனுமதிக்கட்டும்.

ராலின்ஸில் 287-ஆம் நெடுஞ்சாலை பிடித்து மடி கேப், லேண்டர், டுபாய்ஸ் (Dubois). டுபாய்ஸுக்குப் பிறகு டோக்வோட்டி கணவாய், 9,658 அடி. மே கடைசியிலும் சாலையோரம் ஆளுயரப் பனி. 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் டர்போ இல்லாத எஞ்சினின் பலம் குறையும், ஆகவே இங்கே நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஏறும்போது ஊர்ந்தோம், அது பரவாயில்லை. இறக்கம்தான் விஷயம். டோ ஹால் (சுமை இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும்) பொத்தானை அழுத்திக் கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, அவசரத்துக்கு அது இருக்காது.

அந்த இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் டீட்டன் மலைகள் மொத்தமாக எதிரே நின்றன. அடிவாரக் குன்று என்று எதுவும் கிடையாது, சமவெளியிலிருந்து நேராக 7,000 அடி எழும்பி நிற்கிறது கிராண்ட் டீட்டன். வண்டியில் ஒருவரும் பேசவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் படம் எடுத்தோம். எடுத்தது ஒன்றும் உருப்படியில்லை, அவ்வளவு பெரியதைப் போன் என்ன செய்யும்.

கோல்டர் பே ஆர்வி பார்க்கில் (ட்ரெய்லர்களை நிறுத்தித் தங்கும் இடம்) உள்ளே நுழைந்து அந்தப் பக்கமாகவே வெளியேறும் இடங்கள் உண்டு, ரிவர்ஸ் எடுக்க வராதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேளுங்கள். ஜாக்சன் ஏரி நடந்து போகும் தூரம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. சாம்பார் கொதித்த பாத்திரத்தை வெளியே வைத்துவிடாதீர்கள், கரடி நடமாடும் இடம். உணவையும் வாசனைப் பொருளையும் பூட்டி வைக்காவிட்டால் ரேஞ்சர் அபராதம் போடுவார்.

திரும்பும்போது ஜிபிஎஸ் மேற்கே ஐடஹோ பக்கம் போகச் சொன்னால் கேட்காதீர்கள். ஜாக்சன் ஊருக்கு மேற்கே டீட்டன் கணவாயில் 10 சதவீதச் சரிவு. நாங்கள் ஹோபேக், பைன்டேல் வழியாக ராக் ஸ்பிரிங்ஸ் வந்து ஐ-80 சேர்ந்தோம்.

செலவு: பெட்ரோல் கேலனுக்கு 10 மைல்கூடக் கொடுக்கவில்லை. பிக்கப், ட்ரெய்லர், ஹிட்ச், பெட்ரோல், கேம்ப் எல்லாம் கூட்டினால் ஹைலேண்டரில் போய் ஜாக்சனில் ஹோட்டல் எடுத்திருந்தால் ஆகும் காசுக்குச் சமம். ட்ரெய்லர் பயணம் மலிவு என்று யாராவது சொன்னால் அவரிடம் சொந்தமாகப் பிக்கப் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பிடித்திருந்தது, மறுபடியும் போவேன். வேறு ஆளிடம் ட்ரெய்லர் எடுத்துக்கொண்டு. இவர் கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய என்று டெபாசிட்டில் 75 டாலர் பிடித்திருக்கிறார். அந்தத் தொட்டியைக் காலி செய்து கழுவும் படம் நேரத்தோடு என் போனில் இருக்கிறது, நேற்றிரவே அனுப்பிவிட்டேன்.