எழுத்தில் ஒரு மறுப்பு

2018 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மூன்று மாதங்கள், இஸ்ரேலின் ஆக்கிரமிப்பிலுள்ள மேற்குக் கரையின் பெத்லகேம் நகரில் தங்கியிருந்து, உலகத் திருச்சபைகள் மன்றத்தின் துணைநிற்கும் திட்டத்தில் தொண்டராகப் பணியாற்றினேன். ஜெருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் விடுத்த அழைப்பை ஏற்று 2002 இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் பல நாட்டவர்கள் முறைவைத்துச் சேர்ந்து, சோதனைச் சாவடிகளிலும் பாடசாலை வழிகளிலும் ஒலிவத் தோட்டங்களிலும் நின்று, கண்டதைப் பதிவு செய்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் தாதியாக இருக்கும் நான் சம்பளமற்ற விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் ஆதலால் சாவடியும் வரிசையும் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பினாலேயே முதல் வாரத்தில் கேட்க வேண்டிய சில கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள சாவடியை அங்குள்ளவர்கள் '300' என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். ஒரு புறம் கொங்கிரீட் மதில், மறுபுறம் இரும்புக் கம்பிகள், மேலே தகரம். அந்த ஒடுங்கிய நடைவழியில் விடிவதற்கு வெகு முன்பே, இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போகும் பலஸ்தீனத் தொழிலாளர்கள் வந்து நிற்பார்கள். ஹெப்ரோன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் இரண்டு மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டிருப்பார்கள். இஸ்ரேலில் வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதால் அன்றுதான் நெரிசல் மிக அதிகமாக இருந்தது. விரலால் அழுத்தி எண்ணும் ஒரு சிறு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை யன்னல்கள் திறந்திருந்தன, பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நோயாளர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்ட கதவு திறந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்வது எங்கள் பணி. அந்தக் கதவு திறக்காவிட்டால் இராணுவத்தின் உதவித் தொலைபேசிக்கு அழைப்போம். கதவு திறந்த நாட்களில், அது எங்கள் அழைப்பினால் திறந்ததா, திறக்கும் நேரம் வந்ததால் திறந்ததா என்பதை என்னால் ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

வரிசையில் நிற்பவர்கள் அனுமதி கிடைத்தவர்கள் என்பது எனக்கு உறைக்கச் சில நாட்கள் பிடித்தன. கிடைக்காதவர்களை அங்கே காண முடியாது. பலஸ்தீனர்கள் இஸ்ரேலுக்குள் போய்வர 1972 முதல் இருந்த பொது அனுமதியை இஸ்ரேல் 1991 ஜனவரியில் நீக்கிய பிறகு, வேலைக்கோ, வைத்தியசாலைக்கோ, தொழுகைக்கோ போகிறவர் ஒவ்வொருவரும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியதாயிற்று. பிரிப்பு மதில் எழுந்த பின்னர், அதற்கு அப்பால் அகப்பட்ட தமது சொந்த நிலத்துக்குப் போகவும் விவசாயிகளுக்கு அனுமதி தேவைப்பட்டது. அரபியில் அந்தத் தாளின் பெயர் 'தஸ்ரீஹ்'. மறுக்கப்பட்டவருக்குக் கிடைப்பது 'மம்னூஉ', அதாவது தடுக்கப்பட்டவர், என்ற ஒரு சொல் மட்டும்.

அப்படித் தடுக்கப்பட்ட ஒரு மேசனுக்கு உதவும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. பதினொரு ஆண்டுகள் இஸ்ரேலில் கட்டட வேலை செய்தவர். ஒரு ஞாயிறு காலையில் யன்னலுக்குப் பின்னால் இருந்த கணினித் திரை அவரை ஏற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அனுமதிகளைக் கையாளும் இராணுவத்தின் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் போய் விசாரிக்கச் சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் அவரிடம் வாயால்தான் சொன்னார்கள், எழுதிக் கொடுக்கவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியவர்கள் இஸ்ரேலியப் பெண்கள். 2001 இல் தொடங்கிய 'மஹ்சோம் வாட்ச்' அமைப்பைச் சேர்ந்தவர்கள், பலர் ஓய்வு பெற்ற வயதினர். அவர்களுள் ஒருவர் தொலைபேசியில் எனக்குப் பாடமே எடுத்தார். தடுத்தது உளவுத்துறையா பொலிஸா என்பதை முதலில் அறிய வேண்டும், இரண்டுக்கும் வழி வேறு. விண்ணப்பம் ஹீப்ரு மொழியில் இருக்க வேண்டும். சட்டத்தரணிக்கு அற்றோணித் தத்துவம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மறுப்பு தாளில் இருக்க வேண்டும். யன்னலில் சொல்லப்பட்ட 'இல்லை'யை எந்த நீதிமன்றத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது.

ஆகவே ஒரு மறுப்பைப் பெறுவதற்காக நானும் அந்த மேசனும் நான்கு தடவை அலுவலகத்துக்குப் போனோம். நான்காம் தடவை, பாதுகாப்புக் காரணங்களால் மறுக்கப்பட்டது என்ற ஒற்றை வரியுடன் ஒரு தாள் யன்னலுக்கு அடியால் வெளியே வந்தது. அவர் அதை நான்காக மடித்து, அடையாள அட்டையுடன் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்குள் எழுந்தது மகிழ்ச்சிதான் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தொலைபேசியில் அந்த அம்மையார், "நல்லது, இனி வேலையைத் தொடங்கலாம்" என்றார்.

பாதுகாப்புக் காரணம் என்றால் என்ன காரணம் என்பது அந்தத் தாளில் இல்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனாலும் இரகசியக் கோவையை நீதிபதி பார்ப்பார். விண்ணப்பதாரரோ அவருடைய சட்டத்தரணியோ பார்க்க முடியாது. எனவே காரணத்தை அவரே தேடத் தொடங்கியிருந்தார். திரும்பும் வழியில் பேருந்துக்குள், ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் காயப்பட்டதையும், யாரோ ஒருவரின் மரணச் சடங்குக்குத் தான் போனதையும், மருமகன் கைதானதையும் விரல்விட்டு எண்ணினார். குடும்பத்தில் ஒருவர் இராணுவத்தால் கொல்லப்பட்டாலோ காயப்பட்டாலோ மற்றவர்களின் அனுமதி தடைப்படுவது அங்கு பலருக்கும் நேர்ந்திருப்பதால், அவருடைய தேடலை வீண் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பயணத்தின் முடிவில், தன் உறவினர் ஒவ்வொருவரையும் அவர் ஒருமுறை சந்தேகித்துத் திரும்பியிருந்தார்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு இந்தப் பணியில் உடன்பாடில்லை. சாவடியை ஒழிக்க வந்தோமா, அதன் எழுதுவினைஞர்களாக இருக்க வந்தோமா என்று இரவு உணவின்போது கேட்டார். அந்த இஸ்ரேலியப் பெண்களிடையேயும் இதே விவாதம் இருந்ததாக அறிந்தேன். படிவத்தை ஒழுங்காக நிரப்பும்போது, படிவம் கேட்பவரின் உரிமையை நாமும் ஒப்புக்கொள்கிறோம் என்ற வாதத்துக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை. 2023 ஒக்டோபர் 7 இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதன் பின்னர் மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதிகள் ஏறக்குறைய எல்லாமே நிறுத்தப்பட்டு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தபோது, ஆளுக்கு ஆள் மாதக்கணக்கில் உழைத்துப் பெற்றவையெல்லாம் ஒரே உத்தரவில் போனதைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பரின் கேள்வியை அப்போது மீண்டும் நினைத்தேன்.

மேசனின் தடை 2019 வசந்த காலத்தில், நான் சுவிற்சர்லாந்து திரும்பிய பிறகு நீங்கியது. சட்டத்தரணி மனு தாக்கல் செய்து சில வாரங்களில், விசாரணைக்கு முன்பே, தடை அகற்றப்பட்டதாகக் கடிதம் வந்தது. இப்படி மனுப் போட்டதும் தடை விலகுவது அங்கு அரிதல்ல; அப்படியானால் அந்தப் பாதுகாப்புக் காரணம் எங்கே போனது என்று யாரும் விளக்குவதில்லை.

மேசன் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து அவருடைய அழைப்பை எடுத்தேன். அவர் கேட்டது வேறு. "சகோதரி, மனுவினதும் கடிதத்தினதும் பிரதிகள் வேண்டும். ஆறு பிரதிகள்." அனுமதியைக் காட்டித் தகவல் கேட்பது உளவுத்துறையின் பழைய வழக்கம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். திடீரென்று தடை நீங்கியவரை அயலவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்கவில்லை. தன் பெயர் எந்த வழியில் விடுபட்டது என்பதை மைத்துனர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர் தாளில் காட்ட வேண்டியிருந்தது. சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அன்றைக்கே மின்னஞ்சல் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை தெளிவாக விழும்படி பிரதி எடுக்கக் கேட்டுக்கொண்டேன்.